ட்றைவர் அண்ணையும் ஒரு வயர்லெஸ் பெட்டியும்

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாமல் 'ட்றைவர்' என்று பேரெடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவரும் கொழும்பில், எங்கள் வெள்ளவத்தையில்தான் இருந்தார்.

ஓட்டுவது கிடக்கட்டும், ஓடுகிற வாகனத்தைக் கண்டாலே அவருக்குப் பயம். காலி நகருக்குப் போகிற பெருந்தெருவான காலி வீதியின் மஞ்சள் கோட்டுக்கு முன்னால் கால்மணி நேரம் நிற்பார். பச்சை விளக்கு எரிந்தாலும் கால் வைக்கமாட்டார். "பச்சையை நான் பாக்கிறன். பஸ்காரன் பாக்கிறானோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்பார். கடைசியில் கொஞ்சம் பருத்த உடம்புள்ள யாராவது வந்தால், பஸ் வருகிற பக்கத்துக்கு அவரை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கடந்துவிடுவார். அறிமுகம் எல்லாம் தேவையில்லை.

அவருடைய தொழில் கொம்பியூட்டர் திருத்துவது. கொம்பியூட்டரில் புதிதாக ஒரு சாமானைப் பூட்டினால், அது இன்ன சாமான், அதோடு இப்படி இப்படிக் கதைக்கவேண்டும் என்று கொம்பியூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு மென்பொருள் வேண்டும். அதற்குப் பேர் ட்றைவர். சத்தம் வராவிட்டாலும், படம் ஆடினாலும், பிரிண்டர் பேப்பரைத் தின்றாலும் இவர் சொல்வது ஒன்றுதான்: "ட்றைவர் இல்லை." சொந்தப் பேரை ஊர் மறந்துபோனதில் ஆச்சரியமில்லை.

கல்யாண அல்பம் மாதிரித் தடித்த உறை ஒன்று எப்போதும் அவருடைய கக்கத்தில் இருக்கும். அதற்குள் நூற்றுக்கணக்கில் சிடி. ஒவ்வொன்றிலும் கறுப்புப் பேனாவால் அவர் எழுதி வைத்திருக்கிற தலைப்பை வாசித்தால் கொம்பனி, மொடல் நம்பர் ஒன்றும் இருக்காது. 'லில்லி ரீச்சர் வீட்டுச் சத்தம்', 'புரோக்கர் வீட்டுப் படம்', 'பாமசிக்காரற்றை பிரிண்டர் (கோபக்காரன்)' என்றுதான் இருக்கும். அந்தக் கோபக்காரன் பிரிண்டரா, மருந்து விற்கிற பாமசிக்காரரா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

ஒரு வீட்டுக்குள் வந்தால் அவர் முதலில் கொம்பியூட்டரைப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரர்களை வரிசையாக நிற்கவைப்பார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. கடைசியா ஆர் தொட்டது?"

"ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை அண்ணை."

"அப்ப அது தானா எழும்பி நிண்டு தன்னைப் பழுதாக்கினதோ?"

யாராவது குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை ஸ்குரூ ட்றைவரை வெளியில் எடுக்கமாட்டார். புரோக்கர் வீட்டில் கொம்பியூட்டர் அரைமணித்தியாலத்துக்கு ஒருதரம் செத்து விழுந்தது. விசாரித்ததில், தூசு படும் என்று புரோக்கரின் மனைவி தடித்த வெல்வெட் துணியில் உறை தைத்து, காற்றுப் போகிற துவாரம் எல்லாவற்றையும் மூடிப் போட்டிருந்தது தெரியவந்தது. ட்றைவர் அண்ணை அந்த உறையைக் கழற்றி, அந்த அம்மாவின் கையில் பணிவாகக் கொடுத்தார். "அக்கா, இதைத் தலையில போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் குசினிக்குள்ள அடுப்படியில நிண்டிட்டு வாங்கோ. பிறகு நாங்கள் கதைப்பம்." அந்த அம்மா உண்மையிலேயே போட்டுக்கொண்டு போனார். நான்காவது நிமிஷத்தில் திரும்பி வந்து உறையைக் குப்பையில் போட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் எங்கள் அக்காவின் கொம்பியூட்டரை ஒப்படைக்க வேண்டி வந்தது யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு வருஷத்தில்.

நான் அப்போது கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை. அக்காவோடும் அவளுடைய கைக்குழந்தை அபியோடும் ஒரு மாடிவீட்டின் இரண்டாம் தட்டில் இருந்தேன். அத்தான் ரொறன்ரோவில். அபி பிறப்பதற்கு மூன்று மாதம் முதலே போய்விட்டார். பிள்ளையைப் படத்தில்தான் பார்த்திருந்தார். ஒருதரம் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்தியில் இருந்த, காசு கொடுத்து ரெலிபோனும் இன்டர்நெட்டும் பாவிக்கிற கொமியூனிகேசனுக்குப் போனாள். கூட்டுக்குள் போனதும் அபி கத்திய கத்தலில் பக்கத்துக் கூடுகளில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ரிசீவரை வைத்துவிட்டார்கள். அத்தான் கொம்பியூட்டர் கமராவில் கண்டது ஒரு உச்சந்தலையும் அக்காவின் தோளும்தான்.

அடுத்த ஞாயிறு அபிக்கு முதலாவது பிறந்தநாள். நாலு நாளுக்கு முன்னால்தான் அவள் பிடித்துக்கொண்டு நின்ற கதிரையை விட்டுவிட்டுத் தனியாக நடக்கத் தொடங்கியிருந்தாள். "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு, வீட்டிலை வைச்சு, பிள்ளை நடக்கிறதை நான் பாக்கவேணும்" என்று அத்தான் ரெலிபோனில் சொன்னார்.

எங்கள் வீட்டில் இன்டர்நெட் இல்லை. கீழ்த்தட்டில் துணிக்கடை வைத்திருந்த மன்சூர் நானா வீட்டில் இருந்தது. அக்கா போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் சிரித்தார். "எங்கட ஊட்டு வெளிச்சம் உங்கட ஊட்டுக்கும் அடிச்சா எனக்கு என்ன புள்ள நட்டம்? எடுங்க, எடுங்க" என்று பாஸ்வேர்டைத் துணிக்கடைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

அந்த வெளிச்சத்தைப் பிடிப்பதற்காக, ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவரிடம் அத்தான் ஒரு வயர்லெஸ் அடப்டர் கொடுத்துவிட்டார். கையளவு கறுப்புப் பெட்டி. அதன் தலையில் குத்திட்டு நிற்கும் ஒரு அன்ரெனா. வாலில் ஒரு முழ நீள வயர். வெள்ளிக்கிழமை பின்னேரம் அது வந்ததும் வராததுமாக நான் அதைக் கொம்பியூட்டரின் முன்பக்கத்தில் குத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரியவில்லை. கழற்றிக் குத்தினேன். 'அன்னோன் டிவைஸ்', அதாவது 'இது என்ன சாமானோ தெரியாது', என்று ஒரு மஞ்சள் கேள்விக்குறி வந்து போனது. பிறகு அதுவும் இல்லை.

சனிக்கிழமை காலையில் ட்றைவர் அண்ணை வந்தார். விசாரணை தொடங்கியது. நான் உடனே ஒப்புக்கொண்டேன்.

"சிடியைப் போட முதலே குத்தினீரோ?" அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "தம்பி, சம்மந்தம் பேச முதல் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ள இருத்தினமாதிரி எல்லோ இருக்கு! கொம்பியூட்டர் 'ஆரிவர்?' எண்டு கேக்காதோ?"

"இப்ப என்ன செய்யிறது அண்ணை?"

"மாப்பிள்ளையை வெளியால எடுப்பம். நடந்ததை அது மறக்கவேணும். பிறகு முறையாப் பேசிக் கொண்டருவம்."

மறக்கவைக்கும் வேலை மத்தியானம்வரை நடந்தது. பழைய பதிவுகளை அழித்தார். சிடியைப் போட்டார். கொம்பியூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டார். ஒவ்வொருதரம் திரும்பப் போடும்போதும் எங்களை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றால் அது பதட்டப்படுமாம். பதினோராவது தரம் அபி மட்டும் உள்ளே நின்றுவிட்டாள். அவர் அவளிடம், "நீங்கள் நிக்கலாம். உங்களுக்கு அது பயப்பிடாது" என்று சொல்வது கேட்டது.

பெட்டி அசையவில்லை.

"பின்பக்கமும் ஓட்டை இருக்குத்தானே அண்ணை, அதிலை குத்திப் பாத்தால் என்ன?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

ட்றைவர் அண்ணையின் முகம் சிவந்தது. "தங்கச்சி, முன்வாசல் எண்டு ஒண்டு வைச்சிருக்கிறது விருந்தாளியை வரவேற்க. பின்பக்கத்தாலை வாறது ஆர்? கள்ளன். நான் ஒரு நாளும் பின்பக்கத்தாலை குத்தினது கிடையாது." அது அவருடைய கொள்கை. அதோடு கொம்பியூட்டர் மேசை சுவரோடு ஒட்டி, அதற்குப் பக்கத்தில் பெரிய அலுமாரியும் நின்றது. கொள்கைக்கும் அலுமாரிக்கும் பயந்து நாங்கள் அந்தக் கதையை விட்டுவிட்டோம்.

ஞாயிறு காலை மறுபடி வந்தார். இரவு முழுக்க யோசித்ததில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "பழுது பெட்டியிலையோ கொம்பியூட்டரிலையோ எண்டு தெரியவேணும். பெட்டியை வேறை மெசினில போட்டுப் பாப்பம். என்ர அறைக்குக் கொண்டு போவம். நீரும் வாரும்."

நான் எதற்கு என்று கேட்கவில்லை. அவருடைய அறை கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்தது. நடுவில் காலி வீதி. என் உடம்பும் அப்போது கொஞ்சம் பருமன்தான்.

வீதியைக் கடந்து முடித்த இடத்தில் சென்றி, பொலிஸ் காவலரண். வழக்கமாக அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அன்றைக்கு ஒரு பொலிஸ்காரர் ட்றைவர் அண்ணையின் சிடி உறையைத் திறக்கச் சொன்னார். சிடிகளுக்கு மேல் கறுப்பாக, அன்ரெனாவை நீட்டிக்கொண்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு அது படுத்திருந்தது.

"மேக மொகத்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார் பொலிஸ்காரர்.

கொம்பியூட்டர் சாமான் என்று சொல்லியிருக்கலாம். ரேடியோ என்று சொல்லியிருந்தாலும் தப்பியிருக்கலாம். ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் ட்றைவர் அண்ணைக்குப் பொய் வராது. நிமிர்ந்து நின்று, தெளிவான குரலில் சொன்னார்:

"வயர்லெஸ், சேர்."

அந்தக் காலத்தில் ஒரு தமிழன் சென்றியில் நின்று சொல்லக்கூடாத சொற்கள் நாலைந்து இருந்தன. அதில் முதல் மூன்றுக்குள் வரும் சொல் அது; போராளிகள் தங்களுக்குள் கதைக்கிற கருவிக்கும் அதுதான் பேர். சுற்றிலும் நின்ற ஆட்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. எங்களை நோக்கி நீட்டிய மூன்று துவக்குகள் மட்டும் நின்றன. அக்காவின் கொம்பியூட்டர் இரண்டு நாளாகக் கண்டுபிடிக்காத பெட்டியைப் பொலிஸ் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டது.

"காகெத?" யாருடையது என்று கேட்டார்கள்.

அத்தான் அனுப்பியது. எங்கள் வீட்டுச் சாமான். நான் வாய் திறப்பதற்குள் ட்றைவர் அண்ணை தன்னுடைய உடைந்த சிங்களத்தில் முந்திக்கொண்டார். "மகே, சேர். என்னுடையது. இந்தத் தம்பியை எனக்குத் தெரியாது. எனக்கு ரோட்டுக் கடக்கப் பயம். அதனால் வழியில் போன ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தேன்."

பொலிஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னுடைய கந்தோர் அட்டையைப் பார்த்தார். "யன்ட" என்றார். போ.

நான் போனேன். இரண்டு அடி, மூன்று அடி போனேன். இதை எழுதாமல் விடலாம், ஆனால் நடந்தது அதுதான். அபியும் அக்காவும் தனியே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். பஸ் சத்தத்துக்கே நடுங்குகிற மனிதர், துவக்குகளுக்கு நடுவில், சிடி உறையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் வேண்டுமென்றே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பி வந்தேன்.

"சேர், அது எங்கட வீட்டுச் சாமான்" என்றேன்.

ட்றைவர் அண்ணை பல்லைக் கடித்தார். "விசரன், பைத்தியக்காரன்" என்று தமிழில் சொன்னார். ஜீப்பில் ஏறியபின் இன்னொருதரம் சொன்னார்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி வயதானவர், பொறுமையானவர், கொஞ்சம் தமிழும் தெரிந்தவர். பெட்டியை மேசையில் வைத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதில பேசுறதா?"

"இல்லை சேர். இது கொம்பியூட்டருக்கு இன்டர்நெட் எடுக்கிறது."

"அப்ப காட்டு." தன் மேசையில் இருந்த கொம்பியூட்டரைக் காட்டினார். "இதில வேலை செய்தா நீங்க வீட்டுக்குப் போறது. இல்ல எண்டா மேல எழுதி அனுப்பணும்."

எங்கே அனுப்புவார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அங்கே போய்த் திரும்பி வராத ஆட்களையும் தெரியும். ட்றைவர் அண்ணை கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். முறைப்படி முதலில் சிடியைப் போட்டார். முறைப்படி நிறுத்தித் திரும்பப் போட்டார். இந்தத் தரம் ஒருவரையும் வெளியே போகச் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டுப் பெட்டியை முன்பக்கத்தில் குத்தினார்.

திரையில் மஞ்சள் கேள்விக்குறி. பொறுப்பதிகாரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வாசித்தார்.

"அன்னோன்." நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "கொம்பியூட்டரும் சொல்லுது, இது என்ன எண்டு தெரியாது."

ட்றைவர் அண்ணையின் காதோரம் வியர்வை வழிந்தது. திரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு அதிகாரியைப் பார்த்தார். அவருடைய உதடு ஏதோ முணுமுணுத்தது. தன் கொள்கையிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"சேர்," என்றார் மெல்லிய குரலில், "இந்த மேசையைக் கொஞ்சம் இழுக்கலாமோ? பின்பக்கத்தாலை போகவேணும்."

இரண்டு பொலிஸ்காரர் வந்து மேசையை இழுத்தார்கள். சுவருக்கும் மேசைக்கும் இடையில் தூசு, காய்ந்த பல்லி, இரண்டு பேனா, ஒரு ரப்பர் முத்திரை. அந்த முத்திரையைக் கண்டதும் அதிகாரி "அம்மோ!" என்று கத்தினார். அதை அவர்கள் புதுவருஷத்திலிருந்து தேடிக்கொண்டிருந்தார்களாம். அதன் காரணமாக ஒருவருக்கு இடமாற்றம்கூடக் கிடைத்துவிட்டதாம். அவர் முத்திரையை ஊதித் துடைத்துக்கொண்டிருக்கையில் ட்றைவர் அண்ணை முழங்காலில் நின்று பின்பக்கத்தில் குத்தினார்.

'டிங்டொங்.'

இவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பெட்டியில் பச்சை விளக்கு கண்சிமிட்டியது. புதிய சாமான் கிடைத்திருக்கிறது, பாவிக்கத் தயார் என்று திரையில் எழுத்து வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

அப்போது பக்கத்தில் எங்கோ ஒரு வீட்டு இன்டர்நெட்டைப் பெட்டி பிடித்துவிட்டது. வாங்கின நாளில் இருந்த பேரை மாற்றாமல் யாரோ வைத்திருந்த இணைப்பு. திரையில் 'டிபோல்ட்' என்று ஒரு பேர் தோன்றியது. அதிகாரியின் முகம் மறுபடி இறுகியது.

"டிபோல்ட் கியன்னே கவுத?" டிபோல்ட் என்பவன் யார்?

"கவுருவத் நே, சேர்!" என்று அலறினார் ட்றைவர் அண்ணை. "ஒருத்தருமில்லை சேர்! பேர் வைக்காத ஆள் சேர்!"

பேர் வைக்காத ஆளைப் பற்றி விளங்கப்படுத்த முக்கால்மணி நேரம் போனது. பிறகு வாக்குமூலம். எல்லாம் முடிந்து, தேடிக் கிடைத்த அந்த முத்திரையாலேயே கடதாசியில் ஒரு குத்துக் குத்தி எங்களை விட்டபோது ஐந்து மணி.

வீட்டு வாசலில் அக்கா அபியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. விஷயத்தைச் சொல்ல அவள் விடவில்லை. எங்கள் இரண்டு பேரையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஏசத் தொடங்கினாள். மன்சூர் நானாவும் நானும் அலுமாரியை நகர்த்தினோம். ட்றைவர் அண்ணை மேசைக்குப் பின்னால் ஊர்ந்து போனார். 'டிங்டொங்' என்றது. எங்கள் மெசினின் முன்பக்கத்து ஓட்டைக்கு உள்ளே வயரே சரியாகக் கொழுவப்படவில்லை என்று பிறகு கண்டுபிடித்தோம். பொலிஸ் நிலையத்து மெசினிலும் அதே பிழைதான் இருந்திருக்கவேண்டும்.

சரியாக ஆறு முப்பத்தைந்துக்கு அத்தானின் முகம் திரையில் வந்தது. சவரம் செய்து, சேர்ட் போட்டு, தலையை ஒட்ட வாரியிருந்தார். அக்கா பிள்ளையை நிலத்தில் விட்டாள்.

அபி திரையைப் பார்த்தாள். அத்தான் "அபிக்குட்டி" என்றார். அவள் ஒரு அடி வைத்தாள். இரண்டு அடி வைத்தாள். பிறகு அப்படியே திரும்பி, கதவோரம் ஒதுங்கி நின்ற ட்றைவர் அண்ணையிடம் விறுவிறுவென்று நடந்து போய், அவருடைய காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ப்பா" என்றாள்.

ட்றைவர் அண்ணைக்குப் பொலிஸ் நிலையத்தில்கூட அப்படி வியர்க்கவில்லை. "ஐயோ பிள்ளை, நான் ட்றைவர்! அப்பா அங்கை, அந்தப் பெட்டிக்குள்ள! அங்கை பாருங்கோ!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கெஞ்சினார். முதலில் சிரித்தது அத்தான்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிட்ட வாங்கோ அண்ணை" என்றார். ட்றைவர் அண்ணை அபியைத் தூக்கிக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் இருத்தி, அவளுடைய விரலைப் பிடித்துக் கண்ணாடியில் அத்தானின் மூக்கில் வைத்தார். "இதுதான் அப்பா. விளங்கிச்சோ? நல்லாப் பாத்து வையுங்கோ." பிள்ளை விரலை எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் அக்காவும் அபியும் அத்தானிடம் போய்விட்டார்கள். ட்றைவர் அண்ணைக்கு வத்தளையில் பெண் பொருந்தியது. யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்தபடியால் அங்கே இருந்த அவருடைய அம்மாவாலும் தம்பிமாராலும் வரமுடியவில்லை. கல்யாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னால் என் கந்தோருக்கு வந்தார். கொம்பியூட்டரைப் பற்றி அரைமணி நேரம் கதைத்தார். எழும்பும்போது வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மாப்பிள்ளைத் தோழனா நிக்கிறதுக்குச் சொந்தத்தில ஒரு ஆள் வேணுமாம். இஞ்சை எனக்கு ஆர் இருக்கினம்? நீர் வந்து நில்லுமன்."

வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, மணவறையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். பெண்வீட்டு ஐயா ஒருவர் குனிந்து, "தம்பி மாப்பிள்ளைக்கு என்ன முறை?" என்று கேட்டார். "சொந்தத் தம்பி" என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ இடத்தில், வீட்டில் நீங்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு அக்கா, ஒரு அண்ணை என்றுதான் சொல்லி வருகிறேன்.